பரிசு பெற்ற நூலும் பள்ளிக்கூடக் கிணறும்

நூலுக்குப் பரிசு கொடுப்பவர்கள் அந்த நூலை வாசித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தாலும் அவர்கள் அதையும் வாசித்திருக்கமாட்டார்கள். இந்தச் சங்கதி புங்குடுதீவின் இறுப்பிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்த விமலாம்பிகைக்குத் தெரியவந்தது 1973ஆம் வருஷத்தில். தெரிந்துகொள்ள அவள் பட்டபாடு கொஞ்சமல்ல.

அந்தப் பள்ளிக்கூட வளவில் ஒரு கிணறு. புங்குடுதீவில் கிணற்றுக்குப் பஞ்சமில்லை, வாயில் வைக்கக்கூடிய தண்ணீருக்குத்தான் பஞ்சம். சுற்றிவர நாற்பது வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் குடத்தோடு வருவது இந்தக் கிணற்றுக்கு. துலாவில் அள்ளுவார்கள், கதைப்பார்கள், போவார்கள். கிணறும் இரவோடு இரவாக ஊறி, விடிய அதே அளவில் நிற்கும். இந்த ஒழுங்கு யாருக்கும் பாரமாக இருக்கவில்லை, அதிபர் குமாரசுவாமியைத் தவிர.

அரசாங்கம் “பயிரிடு, பயிரிடு” என்று மூலைக்கு மூலை சத்தம் போட்டுக்கொண்டிருந்த காலம். கல்விக் கந்தோரிலிருந்து பெரியவர் வரும்போது காட்டுவதற்கு ஒரு மிளகாய்த் தோட்டம் வேண்டும் என்று அதிபர் ஆசைப்பட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு மண்ணெண்ணெயில் ஓடும் மிசின் ஒன்று வேண்டும்.

“மிசின் பூட்டினால் கிணறு பழுதாப்போம், சேர்” என்றாள் விமலாம்பிகை. “எங்கடை தீவிலை நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேலைதான் மிதந்துகொண்டு நிக்குது. துலாவாலை அள்ளினால் ஊறும். மிசின் உறிஞ்சினால் கீழை கிடக்கிற உப்பு மேலை ஏறும். பேந்து இறக்க ஏலாது.”

அதிபர் நல்ல மனுஷன். அவளை இருக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பிள்ளை, நீர் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனால் ஏழை சொல் அம்பலம் ஏறாது. உதையே ஒரு பரிசு பெற்ற புத்தகத்திலை எழுதிக் கிடந்தால் ஆரும் மறுத்துக் கதைக்கமாட்டினம். நானும் மறுக்கமாட்டன்.”

விமலாம்பிகை அதை நம்பினாள். முப்பத்திரண்டு வயதுக்கு அது கொஞ்சம் அதிகமான நம்பிக்கைதான். ஆனால் அந்தக் கிணற்றை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று அவளுக்கு நெஞ்சில் பிடித்துப்போயிருந்தது. அடுத்த பங்குனிக்குள் பரிசு வாங்க வேண்டும் என்று தீர்மானித்தாள்.

பரிசு கொடுப்பதற்கும் ஆட்கள் தயாராக இருந்தார்கள். ‘தீவக இளையோர் அறிவுநூல் பரிசளிப்புச் சபை’ என்று நயினாதீவில் ஒரு சபை. பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை உள்ள பிள்ளைகளுக்குக் கதையல்லாத, அறிவு புகட்டும் நூல்களை எழுதுவோருக்கு வருஷாவருஷம் பரிசு கொடுப்பது அதன் நோக்கம். தலைவர் இரத்தினசபாபதி கொழும்பில் ஒரு கந்தோரில் முப்பது வருஷம் கோப்புகளுக்கு நாடா கட்டி இளைப்பாறியவர். நாடா கட்டிய எதையும் அவிழ்ப்பது அவருக்குப் பிடிக்காது. செயலாளர் பரமலிங்கம் தலைவர் சொல்வதற்கு முந்தியே “ஓம்” என்று எழுதி வைத்திருப்பவர். நடுவர் பத்திநாதர் ஊர்காவற்றுறைக்காரர், இளைப்பாறிய தலைமையாசிரியர், எந்தக் கூட்டத்துக்கும் முதலில் வந்து முன்வரிசைக் கதிரையில் இருப்பவர்.

சபைக்கு முப்பத்தாறு விதிகள் இருந்தன. இரண்டாம் விதி இப்படிச் சொல்லியது: “இளையோர் எனப்படுவோர், மேற்குறித்த வயதிலுள்ள பிள்ளைகளின் பெற்றோர், பாதுகாவலர், ஆசிரியர் ஆகியோராவர்.” பிள்ளைகளைப் பற்றி வேறு எந்த விதியிலும் பேச்சில்லை, ஒன்பதாம் விதியைத் தவிர. அதைப் பிறகு பார்க்கலாம்.

விமலாம்பிகை ஆறு மாதம் இருந்து எழுதினாள். ‘உங்கள் கிணற்றுக்கு அடியில்’ என்று பெயர். மழை எங்கே போகிறது, சுண்ணாம்புக்கல் ஏன் துளைதுளையாக இருக்கிறது, ஒரு தீவு எப்படித் தண்ணீரைச் சேமிக்கிறது என்றெல்லாம் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்பதுபோல நினைத்து எழுதினாள். நினைப்பதற்கு ஒருத்தியும் இருந்தாள். பத்தாம் வகுப்புத் திரிபுரசுந்தரி. பாடம் முடிந்து மணி அடித்த பிறகும் “அப்ப ஏன், ரீச்சர்?” என்று கேட்கிற பிள்ளை. ஐந்தாம் அதிகாரம் முழுக்க மிசினைப் பற்றியது. எழுதிய நாலு கொப்பிகளையும் சேர்த்துத் தையல் நூலால் கட்டி, தன் தாய் சீலைக்குப் போடுகிற இறுக்கமான முடிச்சைப் போட்டு அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து நேர்முக விசாரணைக்கு வரும்படி கடிதம் வந்தது. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போனாள். மூன்று பேரும் ஒரு நீள மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். மேசை நடுவில் அவளுடைய கொப்பிக் கட்டு. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

“போட்டி இந்தமுறை கடுமையா இருந்தது” என்று தொடங்கினார் தலைவர்.

“எத்தினை நூல் வந்தது, ஐயா?”

“ஒண்டு. எண்டாலும் வராத நூல்களோடை ஒப்பிட்டுப் பாத்துத்தான் முடிவெடுத்தனாங்கள். அதிலை ஒரு குறையும் விடேல்லை.”

“ஐந்தாம் அதிகாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறியள்?” என்று பத்திநாதரைப் பார்த்துக் கேட்டாள்.

பத்திநாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது.

“பிள்ளை, நான் இருபத்திரண்டு போட்டிக்கு நடுவரா இருந்தனான். ஒரு புத்தகத்தையும் வாசிச்சதில்லை. வாசிச்சால் மனம் ஒரு பக்கம் சாய்ஞ்சுபோம். சாய்ஞ்ச மனசோடை தீர்ப்புச் சொல்லுறது பாவம். ஆரேனும் கேட்டால் நான் கர்த்தர் முன்னாலையும் சத்தியம் பண்ணுவன், இந்தப் புத்தகத்திலை என்ன கிடக்கெண்டு எனக்குத் துப்பரவாத் தெரியாது.”

“அப்ப புள்ளி எப்பிடிப் போட்டனீங்கள்?”

செயலாளர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். கையெழுத்தின் அழகுக்கு இருபது, கட்டின் இறுக்கத்துக்குப் பதினைந்து, எழுதியவரின் குடும்பத்துக்கு இருபத்தைந்து, மேலட்டையின் அடக்கத்துக்குப் பத்து என்று போய், கடைசியில் ‘ஏனையவை’ என்பதற்கு ஐந்து புள்ளி இருந்தது. ஏனையவற்றுக்கு அவளுக்கு இரண்டரை கிடைத்திருந்தது.

“உங்கடை அப்பாவின்ரை தமையன் கோயில் மணியகாரரா இருந்தவரல்லோ? அதாலைதான் கரை சேர்ந்தனீங்கள்” என்றார் செயலாளர் அன்பாக. “இனி ஒரு சின்ன அலுவல்தான். பதினேழாம் விதிப்படி நூலுக்கு ஐஞ்சு உரை வேணும். ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை, தலைவர் உரை. அது கிடைச்சால் நாங்களே முந்நூறு பிரதி அச்சடிப்பம்.”

அந்தச் சின்ன அலுவலுக்கு மூன்று மாதம் போனது. ஆசியுரைக்குக் கோயில் குருக்களிடம் போனாள். அவர் இரண்டே வரி எழுதிக் கொடுத்தார்: “தண்ணீரைப் பற்றி எழுதிய பிள்ளை நன்றாக இருக்கட்டும். அந்தக் கிணறும் நன்றாக இருக்கட்டும்.” சபை இதைத் திருப்பி அனுப்பியது. ஆசியுரை குறைந்தது நாலு பக்கம் வரவேண்டுமாம். செயலாளரே இருந்து மிச்சத்தை எழுதிச் சேர்த்தார். வாழ்த்துரை எழுதியவர் கிணற்றில் விழுந்து தப்பிய தன் மாமனாரைப் பற்றி ஏழு பக்கம் எழுதினார். மதிப்புரையைப் பத்திநாதர் எழுதினார். தமிழில் அறிவுநூல்கள் பெருக வேண்டியதன் அவசியம் பற்றி எட்டுப் பக்கம். அதில் இந்த அறிவுநூலின் பெயர் ஓர் இடத்திலும் வரவில்லை. தலைவர் உரை பதினாலு பக்கம். தன் இளமையில் கொழும்பு நகரம் எப்படி இருந்தது என்று விரிவாகச் சொல்லியிருந்தார். கடைசியாக அணிந்துரையும் சேர்ந்தது.

அப்போது நாட்டில் கடதாசித் தட்டுப்பாடு. யாழ்ப்பாணத்து அச்சகக்காரர் கைவிரலை விட்டு எண்ணிப்பார்த்து, அறுபத்துநாலு பக்கத்துக்கு மேல் ஒரு பக்கமும் ஏலாது என்றுவிட்டார். உரைகள் முப்பத்தெட்டுப் பக்கம். நூலுக்கு மிஞ்சியது இருபத்தாறு.

“உரையளைக் குறைக்கலாமோ?” என்று விமலாம்பிகை கேட்டாள்.

“பெரியாக்களின்ரை வாயிலை கை வைக்கிறதே?” தலைவர் திடுக்கிட்டுப்போனார். “நூலைக் குறையும், பிள்ளை. நூல்தானே, எங்கை வெட்டினாலும் ஆருக்கும் நோகாது.”

அவளுக்கு நொந்தது. மழை போயிற்று, சுண்ணாம்புக்கல் போயிற்று, அவள் இரவிரவாக வரைந்த படங்கள் போயின. ஐந்தாம் அதிகாரத்தில் மட்டும் ஒரு வரியும் வெட்ட விடவில்லை. அதற்காகத்தானே இவ்வளவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

பரிசளிப்பு விழா பங்குனியில் அவள் படிப்பித்த பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. பந்தல், வாழை, நிறைகுடம், ஒலிபெருக்கி எல்லாம் வந்தன. கதிரைகள் முழுவதும் பிரமுகர்களுக்கு. இளையோருக்கான விழா என்றபடியால் இளையோர் வேலிக்கரையில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். திரிபுரசுந்தரி தேவாரம் பாடினாள். பாடி முடிந்ததும் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்கு அனுப்பப்பட்டாள்.

முதற் பிரதியை வாங்கியவர் தலைவரின் மைத்துனர். சிறப்புப் பிரதிகளை வாங்கியவர்கள் பதினெட்டுப் பேர். ஒவ்வொருவரும் புத்தகத்தை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, கதிரையில் போட்டு, வெயிலுக்கு விசிறியாகப் பாவித்தார்கள். மிச்சப் பிரதிகளைக் கட்டிப் பெட்டியில் வைத்துச் செயலாளர் பூட்டுப் போட்டார்.

“என்ரை வகுப்புக்கு ஒரு இருபது தாங்கோ, ஐயா” என்றாள் விமலாம்பிகை.

“ஒன்பதாம் விதி” என்றார் செயலாளர். “பரிசு பெற்ற நூலைப் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவை தொட ஏலாது. பிள்ளையள் கிழிச்சுப் போடுவினம். எல்லாம் சபையின்ரை அலுமாரிக்கை பத்திரமாக் கிடக்கும். கண்ணாடி அலுமாரிதான். ஆரும் வந்து பாக்கலாம்.”

தலைவர் பேச எழுந்தார். முக்கால் மணித்தியாலம் பேசினார்.

“இண்டைக்கு எங்கடை இளம் சமுதாயம் வாசிக்கிறேல்லை. ஏன் வாசிக்கிறேல்லை எண்டு நான் கேக்கிறன். நாங்கள் வருஷாவருஷம் எத்தினை நூலுக்குப் பரிசு குடுக்கிறம்! அலுமாரி நிரம்பிப்போய்க் கிடக்கு. இடமில்லாமல் இன்னொரு அலுமாரி செய்விச்சிருக்கிறம். இதுக்கு மேலை ஒரு சபை என்ன செய்ய ஏலும்? விமலாம்பிகை எழுதின இந்த அரிய நூல் கிணத்தைப் பற்றினது எண்டு இப்பதான் செயலாளர் சொன்னார். கேட்டவுடனை எனக்கு உள்ளம் பூரிச்சுப்போச்சு. ஏனெண்டால் பரிசும் அதுக்குப் பொருத்தமாய் அமைஞ்சிட்டுது!”

மேடையில் ஒரு மூலையில் பட்டுத்துணி போர்த்தியிருந்த எதையோ அவர் கைகாட்ட, செயலாளர் துணியை இழுத்தார். உள்ளே நின்றது தண்ணீர் இறைக்கும் மிசின். தலைவருடைய மருமகனின் கடையில் மூன்று வருஷமாக விலைப்படாமல் கிடந்தது. கழுவிப் பூட்டி, பச்சை நிறம் அடித்திருந்தார்கள். நூலாசிரியரின் பெயரால் அது பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பு என்றும், இன்றே கிணற்றில் பூட்டி ஓட்டப்படும் என்றும் தலைவர் அறிவித்தார். அதிபர் குமாரசுவாமி எல்லாருக்கும் முதல் கைதட்டினார்.

விமலாம்பிகை மறுக்க எழும்பினாள். அதற்குள் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்தச் சபையில் ஒரு பெண்ணுக்குப் பொன்னாடை போர்த்துவது இதுதான் முதல்முறை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பந்தலில் முன்வரிசையில் அவளுடைய தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஏற்புரைக்கு இரண்டு நிமிஷம் கொடுக்கப்பட்டது. தலைவர் நயினாதீவுக்குத் திரும்ப வேண்டும், கடைசி வள்ளம் ஐந்தரைக்கு.

“ஐயாமாரே” என்றாள். “இந்த நூலின்ரை ஐந்தாம் அதிகாரத்திலை, இந்த மாதிரி மிசின் இந்த மாதிரிக் கிணத்துக்குக் கூடாது எண்டுதான் எழுதியிருக்கிறன். பூட்டினால் ஒரு வருஷத்துக்குள்ளை...”

பெரிய கைதட்டல் எழுந்தது. “என்ன அடக்கம்! பரிசு வேண்டாம் எண்டு சொல்லுற அடக்கத்தைப் பாருங்கோ!” என்றார் பத்திநாதர் உரக்க. தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். செயலாளர் மணி அடித்தார்.

அந்த இடத்தில் அவள் பொன்னாடையை உருவி மேசையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குக் குறுக்கே போய் நின்றிருக்கலாம். நினைத்தாள்தான். ஆனால் தாய் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. பொன்னாடையும் நல்ல சரிகை. நாளைக்கு, பரிசு பெற்றவள் என்ற முறையில், ஆறுதலாக எல்லாருக்கும் விளங்கப்படுத்தலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கிணற்றடிக்குக் கூட்டிப்போனார்கள். மிசினில் கையை வைத்துச் சிரிக்கச் சொன்னார்கள். கையை வைத்தாள். சிரித்தாள். படம் எடுத்தார்கள். மிசின் படபடவென்று புகையோடு கிளம்பியது. தண்ணீர் கொட்டக் கொட்டப் பிரமுகர்கள் சால்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் படம் வந்தது: “நூலாசிரியை தம் கரத்தால் இயந்திரத்தை இயக்கிவைக்கிறார்.”

மறுநாள் அவள் அதிபரிடம் போனாள். அவர் பேப்பரை விரித்துக் காட்டினார்.

“பரிசு பெற்ற எழுத்தாளரே கையை வைச்சுத் தொடக்கினதை நான் எப்பிடி நிப்பாட்டுறது, பிள்ளை? சனம் என்னை என்ன சொல்லும்?”

மிளகாய் நன்றாகக் காய்த்தது. கல்விக் கந்தோர்ப் பெரியவர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார். ஆடியில் தண்ணீர் லேசாகக் கரித்தது. ஆவணியில் பால் விட்ட தேத்தண்ணி திரைந்தது. புரட்டாதியில் மிளகாய்க் கன்றுகளும் கருகின. நாற்பது வீட்டுப் பெண்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் தள்ளி வேறொரு கிணற்றுக்கு நடந்தார்கள். அங்கே போனால் அந்த ஊர்ப் பெண்கள் அள்ளி முடியுமட்டும் ஓரமாக நிற்க வேண்டும்.

விமலாம்பிகை சபைக்குக் கடிதம் எழுதினாள். சபை உடனே விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. குழுவில் தலைவர், செயலாளர், நடுவர். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள், இங்கே மூன்று ஓணான். மூன்று பேரும் வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். வெறும் தண்ணீர் குடித்தால் வயிற்றுக்கு ஆகாது என்று தலைவர் சொன்னதால், சீனித் தட்டுப்பாட்டுக் காலத்திலும் ஒரு வீட்டில் சீனி வாங்கிப் போட்டுக் கரைத்துக் குடித்தார்கள். “நீர் இனிப்பாகவே உள்ளது” என்று அறிக்கை எழுதினார்கள். அறிக்கைக்குத் தலைவர் ஒரு முன்னுரையும் எழுதினார். பிறகு எல்லாவற்றையும் சேர்த்து நாடாவால் கட்டினார்கள்.

அடுத்த வருஷம் புதிய நூல் ஒன்றும் வரவில்லை. சும்மா இருக்கக்கூடாதென்று சபை மாணவருக்குப் பேச்சுப் போட்டி வைத்தது. தலைப்பு: ‘நீர்வளம் காப்பதில் எமது சபையின் பங்கு’. திரிபுரசுந்தரி, பிறர் எழுதிக் கொடுத்ததை மனனம் செய்து நயினாதீவில் போய்ப் பேசி முதலிடம் பெற்றாள். அலுமாரியில் கறையான் பிடிக்கத் தொடங்கியிருந்தபடியால் பரிசாக ‘உங்கள் கிணற்றுக்கு அடியில்’ கொடுத்தார்கள். ஒன்பதாம் விதியை யாரோ ஞாபகப்படுத்தினார். மேடையில் வைத்துக் கொடுத்தால் தொட்டதாகாது என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார்.

துணைக்குப் போன விமலாம்பிகையும் அவளும் வள்ளத்தில் திரும்பினார்கள். திரிபுரசுந்தரி முன்பக்கத்து முப்பத்தெட்டுப் பக்கங்களையும் ஒரே பிடியில் புரட்டித் தள்ளிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். வள்ளம் கரை தட்டியதும் அவளுக்குத் தெரியவில்லை. குறிகட்டுவானில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதும் வாசித்தாள். ஐந்தாம் அதிகாரத்தை முடித்து, திரும்பவும் முதலிலிருந்து ஒருதரம் வாசித்தாள். முந்நூறு பிரதி அச்சடித்ததில் அந்த நூலை வாசித்த முதல் ஆள் அவள்தான். ஒரு நூலாசிரியைக்கு வரவேண்டிய சந்தோஷம் பக்கத்தில் இருந்த விமலாம்பிகைக்கு அப்போதுதான் கொஞ்சம் வந்தது.

“ரீச்சர், நல்ல வடிவா விளங்குது” என்றாள் பிள்ளை.

“ஓமோ?”

“ஓம். எங்கடை கிணறு இப்பிடித்தான் போகும் எண்டு உங்களுக்கு முன்னமே தெரியும், என்ன?”

“ஓம், தெரியும்.”

“மிசினிலை கை வைச்சுப் படம் எடுத்த அண்டைக்கும் தெரியுமோ?”

“தெரியும், பிள்ளை.”

“அப்ப ஏன், ரீச்சர், சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள்?”

விமலாம்பிகை கடலைப் பார்த்தாள். அதிபரைச் சொல்லலாம், சபையைச் சொல்லலாம், ஐந்தரை வள்ளத்தைச் சொல்லலாம். எல்லாம் உண்மையும்கூட. ஆனால் கேட்டது வாசித்துவிட்டுக் கேட்கிற பிள்ளை.

“பொன்னாடை போர்த்திப்போட்டினம், பிள்ளை” என்றாள். “கழட்ட எனக்கு மனம் வரேல்லை.”

பஸ் வந்து நின்றது. திரிபுரசுந்தரி புத்தகத்தை மூடிக்கொண்டு எழும்பினாள்.

“கெதியா வாங்கோ, ரீச்சர். அம்மா விடியத்திலையிருந்து ரண்டுதரம் தண்ணிக்கு நடந்திருப்பா. பின்னேரக் குடத்துக்கு நான்தான் போகவேணும்.”